எங்கள் தோப்பில் 4 ஏக்கர் மனையாகிவிட்டது, மிச்சத்துக்கும் கையெழுத்து கேட்கிறார்கள்

வடலி
சனி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் பிரப்பன்வலசைக்கும் நடுவில். நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே கடலைப் பார்த்து இறங்கும் மணல் பூமி. அங்கே ஐயா (அப்பாவின் அப்பா) விட்டுப்போன தோப்பு 6 ஏக்கர் 40 சென்ட். சேதுபதி ஜமீன் காலத்தில் ஐயாவின் தகப்பனார் வரி கட்டிப் பயிர் வைத்த இடம். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, செட்டில்மெண்ட் முடிந்து, ஐயா பெயருக்கு ரயத்துவாரி பட்டா ஆனது. இருநூறு தென்னை, நூற்றிச் சொச்சம் பனை, ஓர் உறைக்கிணறு. கிணற்றுக்குக் கிழக்கே 20 சென்டில் மல்லிகைப் பதியன். தங்கச்சிமடம் நாற்று என்று வெளியூர்களுக்கெல்லாம் போகிறதே, அந்தக் கொடிதான். அப்பத்தா பிறந்த ஊர் தங்கச்சிமடம். சீர்ப்பெட்டியோடு கொடியும் வந்தது என்று சொல்வார்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்தப் புயலில் எங்கள் தென்னையில் பாதி சாய்ந்தது. பனை ஒன்றுகூட விழவில்லையாம். மறு வருடம் ஐயா தென்னை விழுந்த குழிகளில் எல்லாம் பனங்கொட்டை போட்டார். அந்த வடலிகள் வளர்ந்து பாளை விட்டபோது ஐயா இல்லை. அவர் 1978ல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் பாகம் பிரிக்கவில்லை. பெரியப்பா, அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைமார். பெரியப்பா ஊரில் இருந்து பார்த்துக்கொண்டார். தேங்காய் வெட்டு முடிந்தால் அப்பாவுக்குப் பணமும் ஒரு மூட்டைக் காயும் வரும். அத்தைமார் வந்தால் கருப்பட்டியும் கிழங்கும் கட்டிக்கொண்டு போவார்கள். எல்லாம் வாய்க்கணக்கு. அப்பா 2019ல் காலமானார், பெரியப்பா அடுத்த இரண்டு வருடத்தில்.

2023ல் பெரியப்பா மகன்கள் இருவரும் ரோட்டோரத்து 4 ஏக்கரை ஒரு மனை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பட்டா பெரியப்பா ஒருவர் பெயரில் மட்டும் இருந்திருக்கிறது. எங்களுக்கு அன்றுவரை தெரியாது. சித்தப்பா 5 லட்சம் வாங்கிக்கொண்டு சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். அந்தப் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம் என்று மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால், கிழங்குப் பாத்தி இருந்த இடத்தில் ஜல்லி கொட்டிய ரோடு. இரண்டு பக்கமும் மஞ்சள் அடித்த கல். பொக்லைன் வைத்துப் பனையை வேரோடு சாய்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். மகன் என்னிடம் "நம்ம இடம் எதுப்பா?" என்று கேட்டான். எனக்கே திசை தெரியவில்லை.

போன மாதம் அந்த நிறுவனத்து ஆட்கள் திருப்பூருக்கே வந்தார்கள். மிச்சமிருக்கும் 2 ஏக்கர் 40 சென்டுக்கு நான், அம்மா, தங்கை, இரண்டு அத்தை என எல்லோரும் எங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் 18 லட்சம் என்கிறார்கள். கிணறும் மல்லிகையும் அந்த மிச்சத்தில்தான் இருக்கின்றன. தேவிபட்டினத்தில் இருக்கும் பெரிய அத்தை கை வைக்க மாட்டேன் என்கிறார். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. என்ன செய்யலாம்?


கீழக்கரைக்காரன்
சனி, இரவு 11.02

தம்பி, படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. பெரியபட்டினத்தில் எங்கள் வாப்பாவின் தென்னந்தோப்பு 2009ல் இதே மாதிரிதான் போனது. நான் அப்போது துபாயில் இருந்தேன். 'விலை ஏறியிருக்கும்போது கொடுத்துவிடுவோம்' என்று போனில் சொன்னதே நான்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் நாலு கொடியை நட்டுக் கயிறு கட்டினால் அது நகர் ஆகிவிடும். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போடும்வரை கேட்பார் இல்லை. எங்கள் தோப்பில் 90 மனை போட்டார்கள். இன்று வீடு கட்டியிருப்பது ஏழு பேர். மற்றதெல்லாம் சீமைக்கருவேலம். தென்னையும் இல்லை, வீடும் இல்லை. போன வருடம் வாப்பாவின் கபரைப் பார்த்துவிட்டு அந்த வழியாக வந்தேன், வண்டியை நிறுத்த மனம் வரவில்லை.

உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அவ்வளவுதான் இப்போது சொல்லத் தெரிகிறது.


கிரயம்
ஞாயிறு, காலை 6.40

நான் இந்த மாவட்டத்தில் 26 வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன். வடலி, பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

1980களில் யுடிஆர் என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, வீட்டில் யார் இருந்தாரோ அவர் பெயரைப் போட்டுவிட்டுப் போன கதை நம் பக்கம் ஏராளம். உங்கள் பெரியப்பா பெயர் அப்போதுதான் ஏறியிருக்கும். தாலுகா அலுவலகத்தில் யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டு (கிராம நிலக் கணக்கு) நகல் கேளுங்கள். அதில் ஐயா பெயர் இருந்தால், பெரியப்பாவுக்குத் தனி உரிமை எப்படி வந்தது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். பட்டா வருவாய்க் கணக்குக்கான சீட்டு. அது மட்டுமே உரிமை ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியாயிற்று.

இரண்டாவது, அந்த விடுதலைப் பத்திர வரைவில் கடைசிப் பக்கம் சொத்து விவரம் என்று இருக்கும். முன்னால் எழுதியிருக்கும் வசனத்தை விடுங்கள், அந்த விவரத்தில் சர்வே எண்ணையும் பரப்பையும் படித்துச் சொல்லுங்கள்.


முண்டு மிளகாய்
ஞாயிறு, காலை 9.25

நான் விற்றவன். திருப்புல்லாணிப் பக்கம் 3 ஏக்கர், 2011ல் கொடுத்தேன். அண்ணன்மார் கோபப்படக் கூடாது, என் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லோரும் பகிர்ந்தீர்கள், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் 2011ல் மிளகாய் காய்ப்பதற்கு மழை ஒரு வருடம் வரும், இரண்டு வருடம் வராது. வந்த வருடம் தைக்கு மேல் பெய்து பழத்தைக் களத்திலேயே கெடுக்கும். நகை அடகில், மகள் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். தரகர் வந்து ரொக்கம் வைத்தபோது எனக்கு அது அழிவாகத் தெரியவில்லை, மூச்சு விட இடம் கிடைத்தது. மகள் இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். அந்த நிலம் கொடுத்த படிப்பு அது.

நான் வருத்தப்படுவது வேறு. ரோட்டோரத்து நிலம் என்னுடையது. எனக்குப் பின்னால் நாலு பேருக்கு நிலம். காலங்காலமாக என் வரப்பை ஒட்டித்தான் மாட்டு வண்டி போகும். நான் பத்திரத்தில் அந்தப் பாதையைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லவில்லை, தோன்றவும் இல்லை. வாங்கியவர் கம்பி வேலி போட்டார். பின்னால் இருந்த நாலு பேரும் ஒரு வருடத்துக்குள் அவர் சொன்ன விலைக்கே கொடுத்தார்கள். அதில் ஒருவர் என் பள்ளித் தோழன். இப்போது கடைத்தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

வடலி, உங்கள் மிச்ச நிலத்துக்குப் பாதை இருக்கிறதா?


வடலி
ஞாயிறு, மாலை 4.10

வரைவை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 'மீதமுள்ள 2 ஏக்கர் 40 சென்ட் தொடர்பாக' என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் சர்வே எண் முழுவதும், 6 ஏக்கர் 40 சென்ட் என்று எழுதி நான்கு பக்கமும் எல்லை போட்டிருக்கிறார்கள். மூன்று தடவை படித்தேன். கை நடுங்கிவிட்டது.

பாதை: இருந்த வண்டிப்பாதை இப்போது மனை ரோட்டுக்குள் போய்விட்டது. இப்போதைக்கு யாரும் தடுக்கவில்லை.


கிரயம்
ஞாயிறு, இரவு 8.30

நினைத்தேன். அவர்களுக்கு இப்போது அவசரம் உங்கள் 2 ஏக்கரில் இல்லை, ஏற்கெனவே வாங்கிய 4 ஏக்கரில்தான். மனை வாங்க வருகிறவர் வங்கிக் கடன் கேட்டால், வங்கி வக்கீல் மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் கேட்பார். ஐயாவுக்கு ஐந்து பிள்ளைகள், கையெழுத்து ஒரு கிளையுடையது மட்டும் என்று தெரிந்ததும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால்தான் திருப்பூர் வரை வந்திருக்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டால் 6.40க்கும் சேர்த்து ஒரே கையெழுத்தில் உங்கள் உரிமை முடிந்தது.

கணக்கைச் சொல்கிறேன். நிலம் ஐயாவின் சொந்தச் சொத்து என்று நின்றால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் சமப் பங்கு. அப்பத்தா பங்கும் பின்னால் அந்த ஐவருக்கே வரும். ஆளுக்கு 1 ஏக்கர் 28 சென்ட். பெரியப்பா, சித்தப்பா இருவர் பங்கையும் சேர்த்தாலே 2 ஏக்கர் 56 சென்ட்தான். ஆனால் விற்றது 4 ஏக்கர். மிச்ச மூன்று பேருக்கும் சேர வேண்டியது 3 ஏக்கர் 84 சென்ட், கையில் இருப்பது 2.40. பூர்வீகச் சொத்து என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் இந்தப் பங்கு விகிதம் மாறும். அதை ஒரு நல்ல சிவில் வக்கீலிடம் பத்திரங்களோடு உட்கார்ந்து கேளுங்கள்.

பங்காளி ஒருவர் தன் பிரிபடாத பாகத்தை விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தன்னிடம் இல்லாததை விற்க முடியாது. வாங்கியவர் பங்காளியின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவே.

ஒரு விஷயம் மிக முக்கியம். நீங்கள் கூட்டு அனுபவத்தில் இருக்கும்போதே பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் கோர்ட் கட்டணம் சின்னத் தொகை. உங்களை வெளியேற்றிய பிறகு போட்டால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பைக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். எனவே தேங்காய் வெட்டை நிறுத்தாதீர்கள். மோட்டார் மின் கட்டண ரசீது, காய் விற்ற சீட்டு, நில வரி கட்டிய தண்டல் ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் சேருங்கள். உட்பிரிவு செய்யக் கூடாது என்று தாசில்தாருக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். முண்டு மிளகாய் சொன்ன பாதையையும் வழக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். 20 வருடம் தடையில்லாமல் நடந்த பாதைக்கு 1882 வசதியுரிமைச் சட்டம் துணை நிற்கும்.

இன்னும் விற்காமல் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: தகப்பனிடமிருந்து சேர்ந்து வாரிசாகப் பெற்றவர்களில் ஒருவர் தன் பங்கை வெளியே விற்க முனைந்தால், மற்ற வாரிசுகளுக்கு முதலில் வாங்கும் உரிமை 1956 வாரிசுரிமைச் சட்டத்தின் 22வது பிரிவில் இருக்கிறது. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் இதைக் கேட்டு வருகிறவர் மிகக் குறைவு.


தொண்டிக்காரி
திங்கள், காலை 7.15

வடலி அண்ணா, உங்கள் முதல் பதிவில் ஒரு வரி என்னை விடவே இல்லை. "அத்தைமார் வந்தால் கருப்பட்டியும் கிழங்கும் கட்டிக்கொண்டு போவார்கள்." அப்பாவுக்குப் பணம் வந்திருக்கிறது, அத்தைமாருக்குக் கிழங்கு. 1978லிருந்து 45 வருடம் அவர்களுக்கு ஆளுக்கு 1 ஏக்கர் 28 சென்ட் அங்கே இருந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கும் அது தோன்றவில்லை.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. என் அம்மா இப்படி விடப்பட்டவர். 'பொம்பளைப் பிள்ளைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு' என்று மாமாக்கள் சொன்னார்கள். அம்மாவும் அண்ணன் தம்பியிடம் பிறந்த வீட்டு உறவு முறியக் கூடாது என்று வாய் திறக்கவில்லை. கடைசியில் மாமாக்களே விற்றார்கள், பிறந்த வீட்டு உறவும் போய்விட்டது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது, கல்யாணம் ஆகாத பெண்களுக்கு. 2005ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. தகப்பன் அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் எல்லாம் வந்தது. சொத்து விவரம் பேசும்போது மட்டும் பெண்களைக் காப்பி போட அனுப்புகிறோம்.

பாருங்கள், இன்று உங்கள் மிச்ச 2 ஏக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது கை வைக்க மாட்டேன் என்ற உங்கள் பெரிய அத்தைதான். அவரிடம் போய் உட்காருங்கள். அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டீர்களா?


மாடக்குளத்து ஆசிரியர்
திங்கள், இரவு 9.50

நான் இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன். நான் மதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உச்சிப்புளிப் பக்கம் 3 சென்ட் மனை வாங்கியிருக்கிறேன். வடலியின் தோப்புதானா என்று தெரியாது, இடக்குறிப்பைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஓய்வுக்காலப் பணத்தில் பாதி அதில் இருக்கிறது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது, பரமக்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்கு நான்கு வழிச் சாலைக்கு ஜூலையில் ஒப்புதல் வந்தது, விமான நிலையம் பற்றி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இதையெல்லாம் காட்டித்தான் விற்றார்கள். திட்ட அனுமதி எண்ணும் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் இருந்தன. இரண்டையும் சரிபார்த்தேன். அந்த மண்ணில் ஒரு குடும்பத்தின் கிழங்குப் பாத்தி இருந்திருக்கும் என்று எங்கே பார்ப்பது? நானும் என் மனைவியும் ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு சின்ன வீடு கட்டிக் கடற்காற்றில் இருக்கலாம் என்றுதான் ஆசைப்பட்டோம்.

நீங்கள் வழக்குப் போட்டால் என் போன்றவர்களும் பிரதிவாதி ஆவோம். எனக்கு வயது 63. போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெரிந்துகொள்ளவாவது வேண்டும் என்று எழுதினேன்.


கிரயம்
திங்கள், இரவு 10.20

ஐயா, அனுமதி எண் என்பது ரோட்டு அகலம், மனை அளவு, பூங்காவுக்கு விட்ட இடம் இவற்றைப் பார்த்துக் கொடுப்பது. நிலம் யாருடையது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. இதை மனை விற்கும்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆனால் நம்பிக்கை இழக்க வேண்டாம். பாகப்பிரிவினையில் நீதிமன்றம் கூடுமானவரை விற்றவரின் பங்குக்கு விற்ற இடத்தையே ஒதுக்கும், வாங்கியவர் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக. மிஞ்சிப் போன அளவுக்கு விற்றவர் தரப்பு பணமாக ஈடு கட்ட வேண்டி வரும். வடலியின் குடும்பம் அப்படிக் கேட்டால் இரு தரப்புக்கும் வழி இருக்கிறது.


நெறியாளர்
செவ்வாய், காலை 10.00

இரண்டு பதிவுகளில் நிறுவனப் பெயரும் தரகர் பெயரும் இருந்ததால் நீக்கியிருக்கிறோம். பெயர் போடாமல் தொடருங்கள். நல்ல விவாதம்.


ஊற்றுத்தண்ணி
செவ்வாய், இரவு 9.05

சட்டம் பேசுகிறீர்கள், நான் தண்ணீர் பற்றிச் சொல்கிறேன். 30 வருடம் குடிநீர்த் துறையில் இந்தக் கடற்கரையிலேயே வேலை பார்த்தவன்.

நம் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 827 மி.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். உள்ளே கண்மாய் இருக்கிற ஊர்கள் அதைத் தேக்கிக்கொள்ளும். ராஜசிங்கமங்கலத்தை 'நாரை பறக்காத 48 மடை' என்று சொல்வதே அந்தக் கண்மாயின் அகலத்துக்குத்தான். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் அப்படிப் பெரிய கண்மாய் கிடையாது. மணல்தான் கண்மாய். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைவு என்பதால் அப்படி நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும்.

வடலியின் ஐயா வெட்டியது உறைக்கிணறு. அது மேலாக ஊறும் தண்ணீரை மட்டும் இறைக்கும், காலையில் இறைத்தால் மாலைக்குள் ஊறிவிடும். பனை தண்ணீர் கேட்காது, தென்னை கொஞ்சம் கேட்கும், மல்லிகைக்குக் குடத்தில் ஊற்றினால் போதும். ஆறு ஏக்கர் மணலும் மழையைக் குடித்துக் கிடந்தது. இப்போது 4 ஏக்கரில் 80 மனை என்று வையுங்கள். வீட்டுக்கு ஒரு ஆழ்துளைப் போர், பத்தடி தள்ளிக் கழிவுநீர்க் குழி, மேலே தார் ரோடும் சிமெண்டும். மழை இறங்க இடமில்லை, ஆனால் 80 மோட்டார் உறிஞ்சும். முதலில் தென்னை ஓலையின் நுனி கருகும். பிறகு குளிக்கும்போது சோப்பு நுரைக்காது. அதற்குப் பிறகு அந்த மிச்ச 2 ஏக்கரை யாரும் கேட்காமலே நீங்களே விற்றுவிடுவீர்கள்.

மாடக்குளத்து ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே வீடு கட்டினால் போர் போடாதீர்கள். கூரை நீரைச் சேர்த்து வைக்கத் தொட்டி கட்டுங்கள். இன்னொன்று, அலை ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியும் வரும். உங்கள் மனை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள்.


சாயல்குடி இடைகயிறு
புதன், இரவு 8.40

எல்லோரும் உரிமை உள்ளவர்கள் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சென்ட் கிடையாது. என் அப்பா பனையேறி, நானும் ஏறுகிறேன். அடுத்தவர் தோப்பில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) பனை எடுத்து, மாசியில் விடிலி (கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசை) போட்டு, ஆடி வரைக்கும் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவோம். ஒரு நாளைக்கு 40 பனை, காலையும் மாலையும். பாளையைத் தினம் சீவ வேண்டும், ஒரு நாள் விட்டால் காய்ந்துவிடும். கைக்குழந்தை மாதிரி.

நாங்கள் ஏறிக்கொண்டிருந்த நான்கு தோப்பு பத்து வருடத்துக்குள் மனையாகிவிட்டது. விற்றவருக்குப் பணம் வந்தது, தரகருக்குக் கமிஷன் வந்தது. அதே மரங்களில் 30 வருடம் ஏறிய என் அப்பாவுக்கு 'அடுத்த வருசம் வராதீங்க' என்ற வார்த்தை மட்டும் வந்தது. ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021ல் முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். ராத்திரியில் வெட்டினால் யாரிடம் சொல்வது? எல்லாம் செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. அறுபது வருடப் பனை, ஒரு ராத்திரி சூளை.

வடலி அண்ணே, மிச்ச நிலத்தில் எத்தனை பனை நிற்கிறது? ஆண் எத்தனை, பெண் எத்தனை?


வடலி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஊருக்குப் போய் வந்தேன். அம்மா, தங்கை, இரண்டு அத்தை என எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தொண்டிக்காரி தங்கச்சி சொன்ன மாதிரி முதலில் தேவிபட்டினம் போய்ப் பெரிய அத்தையிடம் உட்கார்ந்தேன். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டேன். மாமா செத்தபோது அத்தை மூன்று பிள்ளைகளோடு தோப்புக்கு வந்து எட்டு மாதம் இருந்தாராம். எனக்கு அப்போது இரண்டு வயது. பதியன் போட்டு, நாற்றுக் கட்டு கட்டி, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுத்தாராம். "உங்கப்பனும் பெரியப்பனும் ஒரு நாளும் என்னைப் போன்னு சொல்லலை. ஆனா இது உனக்கும் உள்ள இடம்னும் சொல்லலை" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா இருந்து சொல்லியிருக்க வேண்டும்.

கிரயம் அண்ணன் சொன்ன 'அ' பதிவேட்டு நகல் கிடைத்தது. ஐயா பெயர் இருக்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறோம், இரண்டு அத்தைமாரும் முதல் இரண்டு வாதிகள், பிறகு அம்மா, நான், தங்கை. மனை வாங்கியவர்களை நிலத்தை விட்டு எழுப்ப வேண்டாம், முன்பக்கத்து 4 ஏக்கரைப் பெரியப்பா, சித்தப்பா கிளைகளுக்கே ஒதுக்கி, எங்களுக்குக் கிணறு உள்ள பக்கத்தையும் குறைகிற 1 ஏக்கர் 44 சென்டுக்கு ஈடும் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மாடக்குளத்து ஐயா, இது உங்கள் மனை இருக்கும் இடமாகவே இருந்தாலும் உங்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

பெரியப்பா மகன் மூத்த அண்ணனும் வந்தார். கோபமாகத்தான் வந்தார். அவருக்கும் முழுப் பணம் வரவில்லையாம். பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, பாதிப் பணம் கொடுத்துவிட்டு, மீதியை 'வாரிசுக் கையெழுத்து வந்ததும்' என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிணற்றடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போகும்போது பெரிய அத்தை ஒரு பை நிறையத் தேங்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

4 ஏக்கர் போனது போனதுதான். ரோட்டுக்கு நடுவில் ஒரு பனையின் அடிக்கட்டை மட்டும் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது. ஐயா போட்ட கொட்டையில் முளைத்தது. மகனைக் கூட்டிப் போய் அதைக் காட்டினேன். இது ஐயா எந்த வருடம் போட்டது என்று கேட்டான், சொன்னேன்.

வீட்டுக் கடனைக் கொஞ்சம் நீட்டிக் கேட்டிருக்கிறேன். தங்கை மாதம் ஒரு தொகை தருகிறேன் என்கிறாள். சின்ன அத்தை மகன் மல்லிகையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறான். ஊற்றுத்தண்ணி ஐயா, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், இன்னும் இனிக்கிறது.

சாயல்குடித் தம்பி, மிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன். 52 பனை. பெண் 31, ஆண் 21. ஒன்பது வருடமாக யாரும் ஏறவில்லை, காய்ந்த மட்டை அப்படியே தொங்குகிறது. பாட்டம் வேண்டாம், கருப்பட்டியில் பங்கு போதும் என்று அத்தைமார் சொல்கிறார்கள். நீங்கள் வருவீர்களா?


சாயல்குடி இடைகயிறு
ஞாயிறு, இரவு 9.48

வருகிறேன் அண்ணே. மட்டை கழிக்கவே ஒரு வாரம் ஆகும், அதனால் தை கடைசியிலேயே வந்துவிடுகிறேன். அப்பாவும் வருகிறார், ஏற முடியாது, விடிலியில் காய்ச்சுவார். கலயம் எங்களிடம் இருக்கிறது. சுண்ணாம்பு மட்டும் அங்கே வாங்கி வையுங்கள்.